அத்தாவின் பிறப்புப் பத்திரம்

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டுக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, வியாபாரத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவரோ, "மிளகாய் விலை எங்களுக்கே தெரியும் தம்பி. உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், நாலு பிள்ளைகளுக்கு உதவும்" என்றார். நான் தயங்கினேன். அன்றிரவு அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லுடா. என் பெயரை மட்டும் விட்டுவிடு. இன்னொருத்தன் தப்பிக்கட்டும்" என்றார். அந்த அனுமதியோடுதான் இங்கே நிற்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் குடும்பம் இருபது வருடம் பாடம் படித்திருக்கிறது. கட்டணமும் கட்டியிருக்கிறது. அந்தப் பாடத்தைத்தான் உங்களிடம் ஒப்புவிக்க வந்தேன்.

எங்கள் கடையின் இரும்புப் பெட்டியில் அத்தாவின் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. சூராட் பெரானாக். 1951-ஆம் வருடம், ஜார்ஜ்டவுன், பினாங்கு. இதே போன்ற பத்திரம் இங்கே பல வீடுகளில் இருக்கும். அதைப் பார்த்து, "நம் அத்தா பிரிட்டிஷ் ஆட்சியில் பிறந்தவர். அப்படியென்றால் நமக்கும் பிரிட்டிஷ் குடியுரிமை உண்டுதானே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. பதில்தான் நீளமானது. அந்தப் பதிலைப் பாதியாகச் சொல்லிக் காசு வாங்கியவர்களால்தான் எங்கள் வீடு உடைந்தது.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கினார். 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒன்றாக்கப்பட்டன. 1867-இல் அவை நேரடியாக பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் வந்தன. கெடா, பேராக் போன்ற மாநிலங்கள் அப்படியல்ல. அங்கே சுல்தான்கள் இருந்தார்கள். பிரிட்டன் பாதுகாவலனாக இருந்தது. அதனால் பினாங்கு மண்ணில் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. கெடாவில் பிறந்த சுல்தானின் குடிமகன் பிரிட்டனின் பாதுகாப்பு பெற்றவர் மட்டும்.

இது ஏதோ காகித வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். மூடா ஆற்றின் இந்தப் பக்கம் கெப்பாளா பாத்தாஸ். அந்தப் பக்கம் கெடா. சொந்தபந்தம் இரண்டு கரையிலும் உண்டு. கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் ஆற்றைக் கடந்து போய் வருகிறோம். ஆனால் 1957 ஆகஸ்ட் 31 அன்று மெர்டேக்கா வந்தபோது, அந்தப் பக்கத்துக்காரரின் பிரிட்டிஷ் பாதுகாப்பு முடிந்தது. இந்தப் பக்கத்தில் பிறந்தவருக்கு மலாயாக் குடியுரிமையும் வந்தது. பழைய பிரிட்டிஷ் நிலையும் போகவில்லை. பினாங்குக்கும் மலாக்காவுக்கும் மட்டும் கிடைத்த விதிவிலக்கு அது. சிங்கப்பூரில் பிறந்த நம் சொந்தங்களில் பெரும்பாலோர் 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவானபோது அந்த நிலையை இழந்துவிட்டார்கள்.

பினாங்கில் மிஞ்சிய அந்த நிலைக்கு ஒரு நீளமான பெயர்: 'ஐக்கிய அரசு மற்றும் குடியேற்ற நாடுகளின் குடிமகன்.' 1948-இல் இயற்றப்பட்டு 1949 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பிரிட்டிஷ் சட்டம் அது. லண்டனில் பிறந்தவருக்கும் அதே பெயர், பினாங்கில் பிறந்தவருக்கும் அதே பெயர். முதலில் இருவரும் சமமாகத்தான் இருந்தார்கள். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் கப்பலேறிப் போய் லண்டனில் இறங்கியிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது.

பிறகு கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. 1962-இல் ஒரு சட்டம். கென்யாவிலிருந்து இந்திய வம்சாவளியினர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வரத் தொடங்கியதும் 1968-இல் அவசரமாக இன்னொரு சட்டம். 1971-இல் மூன்றாவது சட்டம். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தாலும், தானோ, தாய் தந்தையோ, பாட்டன் பாட்டியோ பிரிட்டன் மண்ணோடு தொடர்புடையவராக இருந்தால்தான் அங்கே வசிக்கும் உரிமை என்று ஆகிவிட்டது. கடைசியாக 1981-இல் வந்த சட்டம், 1983 ஜனவரி 1 அன்று எல்லோரையும் மூன்று தட்டுகளில் பிரித்து வைத்தது. வசிப்புரிமை உள்ளவர் பிரிட்டிஷ் குடிமகன். ஹாங்காங் போல அப்போதும் பிரிட்டனிடம் இருந்த இடங்களைச் சேர்ந்தவருக்கு வேறு பெயர். இந்த இரண்டிலும் சேராதவர்களுக்கு மூன்றாவது தட்டு: பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன். சுருக்கமாக பிஓசி.

நம் அத்தாமார்கள் விழுந்தது அந்த மூன்றாவது தட்டில். பாஸ்போர்ட் உண்டு, அதன் அட்டையைப் பார்த்தால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான். ஆனால் அதை வைத்து பிரிட்டனில் குடியிருக்க முடியாது, உரிமையோடு வேலை செய்ய முடியாது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவின் பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று என் அத்தா சொல்வார்.

இப்போது பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் நான்கு பிள்ளைகள். மூத்தவர் அண்ணன், 1980-இல் பிறந்தார். நான் கடைசி, 1983-க்குப் பிறகு பிறந்தவன். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஆஸ்பத்திரி. அண்ணன் பிறந்தபோது பழைய சட்டம் இருந்தது. அதன்படி பினாங்கில் பிறந்த தகப்பனுக்குத் திருமணத்தில் பிறந்த பிள்ளை, அந்த நிலையைத் தானாகவே பெற்றது. அதனால் அண்ணன் பிஓசி. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த எனக்கு அதுவும் இல்லை. பிஓசி நிலை பிள்ளைக்குப் பிள்ளை இறங்குவதில்லை. அத்தோடு முடிந்தது.

என் மாமி, அதாவது அத்தாவின் தங்கை, அவரும் பினாங்கில்தான் பிறந்தார். ஆனால் ராமநாதபுரத்திலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டார். அவர் பிள்ளைகள் 1970-களில் பிறந்தவர்கள். அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அந்தச் சட்டத்தில் தகப்பன் வழியாகத்தான் இறங்கும், தாய் வழியாக இறங்காது. 1983-க்குப் பிறகுதான் தாயையும் தகப்பனையும் சமமாக வைத்தார்கள். பழைய அநீதிக்கு ஈடாகப் பின்னால் ஒரு வழி செய்தார்கள் என்பது உண்மை. தாய் வழியில் வந்திருக்க வேண்டிய குடியுரிமையை இப்போது பதிந்து பெறலாம். ஆனால் அந்த வழியும், பிரிட்டனில் வசிப்புரிமை கிடைத்திருக்கக்கூடியவருக்குத்தான். பினாங்குத் தாயின் பிள்ளைக்கு அது பயன்படாது. "தாய் வழிச் சட்டம் வந்துவிட்டது, பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள்.

நம் நாட்டிலும் இதே குறை இருந்ததை நாம் மறக்கக் கூடாது. மலேசியத் தகப்பனின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால் குடியுரிமை. மலேசியத் தாயின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால் வருடக்கணக்கில் விண்ணப்பம். எத்தனை நம் பெண்கள் பதிவிலாகா வாசலில் கைக்குழந்தையோடு நின்றார்கள்! 2024-இல் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் அதைத் திருத்தி நிறைவேற்றின. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது பழைய பிறப்புகளுக்குத் தானாகப் பொருந்தாது. அந்தத் தாய்மார்கள் பதிவிலாகாவுக்கு நேரில் போய், தங்கள் பிள்ளைக்கு எந்த வழி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அண்ணனின் கதை.

2002 ஜூலை 4 அன்று பிரிட்டிஷ் அரசு ஓர் அறிவிப்பு செய்தது. வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் பிஓசி நிலை மட்டுமே வைத்திருப்பவர்களை முழுக் குடிமக்களாகப் பதிந்துகொள்வோம் என்றது. நல்ல நோக்கம்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் நாடில்லாமல் தவித்த இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை. 2003 ஏப்ரல் 30 முதல் அது நடப்புக்கு வந்தது.

இங்கே சில ஏஜெண்டுகள் அதைப் படித்தார்கள். 'வேறு குடியுரிமை இல்லாதவர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பினாங்குப் பையன்களிடம் வந்து, "உனக்கு மலேசியக் குடியுரிமை இருப்பதுதான் தடை. அதை விட்டுவிட்டால் நீ பிரிட்டிஷ் குடிமகன்" என்றார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். நன்றாக உடுத்தியிருந்தார், ஸலாம் சொன்னார், அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். எட்டாயிரம் வெள்ளி கேட்டார். அம்மா தன் வளையலைக் கொடுத்தார்.

2004 மார்ச்சில் அண்ணன் லண்டன் போனார். அப்போது அவருக்கு 24 வயது. சொன்னபடியே பிஓசி பாஸ்போர்ட் எடுத்தார். சொன்னபடியே நம் தூதரகத்தில் குடியுரிமையைக் கைவிடும் பாரம், போராங் கே என்பார்கள், அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். மலேசியப் பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்தார். பிறகு பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார்.

மறுத்துக் கடிதம் வந்தது. காரணம் ஒரே வரி. 2002 ஜூலை 4-க்குப் பிறகு தன் குடியுரிமையைத் தானாகக் கைவிட்டவருக்கு இந்த வழி கிடையாது. இந்த விதி பின்னால் வந்ததல்ல, சகோதரர்களே. சட்டத்தின் அதே பிரிவில், அடுத்த வரியிலேயே இருந்தது. ஏஜெண்டு முதல் வரியைக் காட்டினார், அடுத்த வரியைக் காட்டவில்லை. ஏமாற்றினாரா, அவருக்கே தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவர் போனை எடுக்கவேயில்லை.

அண்ணனின் நிலையை எண்ணிப் பாருங்கள். மலேசியா சொல்கிறது: நீர் எம் குடிமகன் அல்லர். பிரிட்டன் சொல்கிறது: உமக்கு இங்கே வசிக்க உரிமை இல்லை. "அப்படியானால் நான் நாடற்றவன்தானே, அந்தச் சட்டப்படியாவது இடம் கொடுங்கள்" என்று இவரைப் போன்றவர்கள் கேட்டார்கள். அதற்கும் பதில் வந்தது. பிஓசி என்பதும் ஒரு வகை பிரிட்டிஷ் நாட்டுரிமைதான். ஆகவே நீங்கள் நாடற்றவர் அல்லர். 2018-இல் அங்குள்ள உயர் நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. நாடு உண்டு, ஆனால் அந்த நாட்டுக்குள் இடமில்லை.

திரும்பி வந்து நம் குடியுரிமையை மறுபடி கேட்கலாமே என்பீர்கள். நம் அரசியல் சட்டத்தின் 18-ஆவது விதி, குடியுரிமையைக் கைவிட்டவரை மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் மறுபடி குடிமகனாகப் பதியக் கூடாது என்கிறது. ஒரு கையெழுத்தில் போனது, பல வருட விண்ணப்பத்திலும் வந்துவிடும் என்று உறுதியில்லை.

வேலை செய்ய அனுமதி இல்லாமல் அண்ணன் சமையலறைகளில் பாத்திரம் கழுவினார். சம்பளம் கொடுக்காமல் விரட்டியவனிடமும் ஒன்றும் கேட்க முடியாது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். இதையெல்லாம் எங்களிடம் சொல்லவில்லை. போனில் எப்போதும், "நல்லா இருக்கேன், கேஸ் நடக்குது" என்பார். அம்மாவும் நம்பினார், அல்லது நம்பியது போல இருந்தார்.

2013-இல் அம்மா மௌத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அண்ணன் வந்தால் திரும்பிப் போக முடியாது; இங்கே தங்கவும் உரிமை இல்லை. நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜனாஸாத் தொழுகையின் தக்பீரைப் போன் வழியாகக் கேட்டார். கபுருஸ்தானில் மண் போடும்போது, "என் பங்குக்கு மூணு கைப்பிடி போடுடா" என்றார். போட்டேன். மூத்த மகன் இருந்தும் கடைசி மகன் இரண்டு பேருக்கும் சேர்த்து மண் போட்டான்.

2024-இல் அவர் அங்கே போய் இருபது வருடம் ஆனது. இருபது வருடம் தொடர்ந்து அங்கே இருந்தவருக்குத் தங்க அனுமதி தரும் ஒரு விதி இருக்கிறது. பிஓசி என்பதற்காக அல்ல. யாராக இருந்தாலும் அந்த விதிதான். அதன்படி முப்பது மாத அனுமதி கிடைத்தது. இப்படியே புதுப்பித்துப் பத்து வருடம் போனால் நிரந்தரமாகத் தங்கும் தகுதி. அப்போது அவர் 55 வயதைத் தொட்டிருப்பார். ஏஜெண்டு சொன்னது ஒரு வருடம்.

சென்ற வருடம் முதன்முறையாக ஊர் வந்தார். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அத்தாவும் நானும் காத்திருந்தோம். வெகுநேரம் ஆகியும் ஆளைக் காணோம். வெளிநாட்டவர் வரிசை நீளமாம். பினாங்கில் பிறந்து, பினாங்கில் சுன்னத்து செய்து, பினாங்குத் தெருவில் பட்டம் விட்டவர், இத்தனை நாள் தங்கலாம் என்ற முத்திரையோடு வெளியே வந்தார். அத்தா அவரைக் கட்டிக்கொண்டு ஒன்றுமே பேசவில்லை. நேரே அம்மாவின் கபுருக்குத்தான் போனோம்.

சகோதரர்களே, இதைச் சொன்னது பரிதாபம் வேண்டி அல்ல. இதிலிருந்து நான் தெரிந்துகொண்ட சில விஷயங்களை வரிசையாகச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. வம்சாவழியில் வரும் குடியுரிமை என்பது யாரும் வாங்கித் தரும் பொருள் அல்ல. பிள்ளை பிறந்த அன்றே அது இருக்கிறது, அல்லது இல்லை. இருந்தால் பத்திரங்களைக் காட்டி நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் எட்டாயிரம் கொடுத்தாலும் எண்பதாயிரம் கொடுத்தாலும் அது உண்டாகாது. விண்ணப்பித்துப் பதிந்து பெறுவது வேறு வகை. அதற்கு ஒவ்வொரு நிபந்தனையும் எழுத்தில் இருக்கும். உங்களுக்குச் சொல்லப்படுவது இரண்டில் எது என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு. இன்றைய சட்டப்படி யாருக்குத்தான் கிடைக்கும்? நம் பிள்ளைகள் சிலர் அங்கே படித்து, வேலை பார்த்து, முறைப்படி பிரிட்டிஷ் குடிமக்கள் ஆகியிருக்கிறார்கள். அதன் பிறகு அவர்களுக்கு இங்கே பினாங்கில் பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளை வம்சாவழியில் பிரிட்டிஷ் குடிமகன். தாய் வழியானாலும் சரி, தகப்பன் வழியானாலும் சரி. பெற்றவர் பிரிட்டனில் பிறந்தவராகவோ அங்கே குடியுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஆனால் அது ஒரு தலைமுறைதான் தானாக இறங்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து, அதற்கு வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால், பொதுவாக வராது. பெற்றவர் பிரிட்டனில் மூன்று வருடம் வாழ்ந்திருப்பது போன்ற நிபந்தனைகளோடு, பதினெட்டு வயதுக்குள் பதியும் வழி மட்டும் இருக்கிறது. பாட்டன் பினாங்கில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜை என்பது இதில் எங்கும் கணக்கில் வராது. பாட்டன் வழி விசா என்று ஒன்று உண்டே என்பார்கள். உண்டு. அதற்கு அந்தப் பாட்டனோ பாட்டியோ பிரிட்டன் மண்ணிலேயே பிறந்திருக்க வேண்டும்.

மூன்று. நம் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசியல் சட்டத்தின் 24-ஆவது விதியைக் கேளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாகப் பெற்றவரின் குடியுரிமையை அரசு பறிக்கலாம். அதோடு, வேறு நாட்டின் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதும், அதைப் பயணத்துக்குப் பயன்படுத்துவதும்கூட அந்நாட்டு உரிமையைப் பயன்படுத்தியதாகவே கருதப்படும். "சும்மா ஒரு பிஓசி பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொள், பின்னால் உதவும்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது சும்மா இல்லை. ஒன்றுக்கும் உதவாத பாஸ்போர்ட்டுக்காக, பிறந்த மண்ணின் நீல அட்டையைப் பணயம் வைக்காதீர்கள்.

நான்கு. 2022-இல் பிரிட்டனில் இன்னொரு திருத்தம் வந்தது. பழைய சட்டங்களின் அநீதியால் குடியுரிமை இழந்த பெரியவர்களைச் சிறப்புக் காரணங்களுக்காகப் பதியலாம் என்பது அது. இதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏஜெண்டுகள் கிளம்பலாம். அது அங்குள்ள அமைச்சரின் விருப்புரிமை. பினாங்கில் பிறந்த தகப்பன் இருக்கிறார் என்பதற்காக மட்டும் கிடைப்பது அன்று. உண்மையாகவே வழக்கு இருக்கிறது என்று தோன்றினால், அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் எழுத்து மூலம் கருத்துக் கேளுங்கள். ஒன்றை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். புதிய குடியுரிமை கையில் வராத வரை, பழையதை எக்காரணம் கொண்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு கடையின் சாவியைக் கொடுக்குமுன் அடுத்த கடையின் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்தாகிவிட்டதா என்று பார்ப்பவர்கள் நாம். பிள்ளையின் குடியுரிமையில் அந்தக் கவனம் வேண்டாமா?

ஐந்து. பிரிட்டனில் இருக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு. நம் நாட்டில் மார்க்க இலாகாவில் பதியப்படும் நிக்காஹ் சட்டப்படியான திருமணம். ஆனால் இங்கிலாந்தில் ஒரு வீட்டிலோ மண்டபத்திலோ நிக்காஹ் மட்டும் ஓதி, அங்குள்ள சட்டப்படி பதியாமல் விட்டால், அந்நாட்டுச் சட்டம் அதைத் திருமணமாக ஏற்பதில்லை. நாளை பிள்ளையின் பத்திரங்களிலும், அல்லாஹ் காப்பானாக, பிரிவோ இழப்போ வந்தால் பெண்ணின் உரிமையிலும் சிக்கல் வரும். நிக்காஹ்வும் செய்யுங்கள், அங்கே பதிவும் செய்யுங்கள்.

கடைசியாக, நம் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

சங்கம் தொடங்கிய காலத்தை அத்தா அடிக்கடி சொல்வார். 1969-இலிருந்து குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி அட்டை வேண்டும் என்ற நிலை வந்தது. இங்கே இருபது, முப்பது வருடம் உழைத்தவர்கள் சிவப்பு அட்டையோடு நின்றார்கள். பலர் கப்பலேறி ஊருக்கே திரும்பினார்கள். அந்த நினைவு ஆறாத நாட்களில்தான் நம் பெரியவர்கள் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டு உட்கார்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாரம் எழுதிக் கொடுத்தார்கள். மலாய்த் தேர்வுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலரின் நீல அட்டைக்குப் பின்னால் அந்த மேசை இருக்கிறது.

2004-இல் என் அண்ணன் ஏஜெண்டிடம் போகாமல் இந்தச் சங்கத்துக்கு வந்திருந்தால், யாராவது ஒரு பெரியவர், "பொறு தம்பி, அடுத்த வரியையும் படிப்போம்" என்று சொல்லியிருப்பார். வராதது எங்கள் தவறு. ஆனால் அந்தக் காலத்தில் அந்த மேசையும் இங்கே இல்லை. சங்கம் விழாக்களும் விருந்துகளும் நடத்திக்கொண்டிருந்தது. நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், உரிமையோடு சொல்கிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்த மேசையை மறுபடி போடுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ளுஹர் தொழுகைக்குப் பிறகு இரண்டு மணி நேரம் போதும். நம் சமுதாயத்தில் இப்போது வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், பதிவிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லட்டும், நான் நகல் எடுத்து, கோப்பு கட்டும் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். கோப்பும் தாளும் எங்கள் கடைச் செலவு.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். பெற்றவர்களின் பிறப்புப் பத்திரம், நிக்காஹ் சான்றிதழ், பாட்டன் பாட்டியின் பழைய பாஸ்போர்ட், பிள்ளைகளின் சூராட் பெரானாக், இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஒரே ஆளின் பெயர் ஒரு பத்திரத்தில் 'முகமது' என்றும், இன்னொன்றில் 'முகம்மது' என்றும், மூன்றாவதில் தகப்பன் பெயர் இல்லாமலும் இருக்கும். அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் சரி செய்யுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல் பகராவின் 282-ஆவது வசனம் என்று ஹஜ்ரத் அவர்கள் பயானில் சொல்லக் கேட்டிருக்கிறோம். பத்து வெள்ளிக் கடனை எழுதச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிள்ளையின் குடியுரிமைக்கான தாளை அலமாரிக்கு அடியில் கரையானுக்கு விட்டுவிடலாமா?

அத்தாவின் பிறப்புப் பத்திரத்தை நான் இப்போது இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து உறை போட்டு வைத்திருக்கிறேன். அது எனக்கு லண்டனுக்கு வழி காட்டவில்லை. ஆனால் அத்தா இந்த மண்ணில் பிறந்தவர் என்று சொல்கிறது. அவர் பிள்ளைகளான எங்களுக்கு இந்த மண்ணில் உள்ள பாத்தியதையைச் சொல்கிறது. அண்ணன் போகும்போது அதை ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னார். மலேசியக் குடியுரிமையை மறுபடி கேட்டு விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருக்கிறார். எப்போது பதில் வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. அவருக்காக நீங்கள் எல்லோரும் துஆச் செய்யுங்கள். அவர் அடுத்த முறை வரும்போது நம் வரிசையில் நின்று வரும் பாக்கியத்தை, அத்தாவின் கண் முன்னே, அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

 வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.